பத்து வந்தது, ஒன்பது போனது

ஜனவரி 27, திங்கள்

நான் எழுதிய டெஸ்டை ஓடவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரி. பத்து த்ரெட் வந்திருக்கின்றன. ஒன்பதுதான் போனதாகச் சொல்லியிருக்கிறது. மறுபடி ஓட்டினேன். பத்து வந்தது, பத்து போனது. பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னும் இருபது தடவை ஓட்டினேன். எல்லாம் பத்துக்குப் பத்து.

இப்படி மூன்று வாரம் ஆகிறது. இந்த டெஸ்டை டிசம்பரில் எழுதி அனுப்பியபோது லக்ஷ்மிநாராயணன் சார் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார். ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் என்று ஆடுகிற டெஸ்டைச் சேர்க்க முடியாது, தொடர்ந்து ஆயிரம் தடவை பாஸ் ஆனதாகக் காட்டுங்கள் என்று. புது வெளியீடு பிப்ரவரி 28. அதற்குள் காட்டாவிட்டால், டெஸ்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் போட்ட மனுவையே மூடிவிடுவார்கள்.

அவரை நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூர்க்காரர் என்று மட்டும் தெரியும். ப்ரோக்ராம்களில் பிழை தேட உதவுகிற இந்த டீபக்கரைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிற சில நூறு பேரில் அவர் முன்வரிசை, நான் கடைசி வரிசை. இரண்டு வருஷமாக விளக்கக் குறிப்புகளில் எழுத்துப்பிழை திருத்தியதுதான் என் வேலை. முழுசாக நானே எழுதியது இது ஒன்றுதான். மூடிவிட்டால் மறுபடி ஒன்று எழுதுகிற துணிவு எனக்கு வருமா, தெரியவில்லை.

சாப்பிட வந்த இவர் எப்போது எழுந்து மண்டிக்குப் போனார்? கவனிக்கவில்லை. வாசலில் செருப்பு இல்லை, அவ்வளவுதான். கல்யாணமான இருபத்துநாலு வருஷமாக இப்படித்தான். சொல்லிக்கொண்டு போகிற பழக்கம் கிடையாது.

ஜனவரி 28, செவ்வாய்

காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பக்கத்தை விட்டு நகராமல் ஓட்டினேன். நூற்றிருபது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஜனவரி 30, வியாழன்

இன்று நோன்பு. போன ரமளானில் விட்டுப்போன ஏழில் இது ஐந்தாவது. இன்னும் இரண்டு பாக்கி. அடுத்த ரமளான் தலைப்பிறைக்குள் முடித்துவிட வேண்டும். விட்ட நோன்புக்குக் கணக்கு வைக்கிற களா நோட்டில் டிக் போட்டாயிற்று.

நோன்பு திறந்த பிறகு இவர் சாயா குடித்துக்கொண்டே கேட்டார், அப்படி என்னதான் அந்தப் பெட்டியில் தேடுகிறாய் என்று. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். ஒரு ப்ரோக்ராம் ஒரே நேரத்தில் பல வேலை செய்ய ஆட்களை இறக்கும். அந்த ஆள்தான் த்ரெட். வருவார்கள், வேலையை முடிப்பார்கள், போய்விடுவார்கள். டீபக்கர் என்பது வாசலில் நிற்கிற மேஸ்திரி. இன்னார் வந்தார், இன்னார் போனார் என்று சொல்ல வேண்டும். நடுவில் "எல்லாரும் நில்லு" என்றால் நிறுத்திக் காட்ட வேண்டும். அந்த மேஸ்திரி சரியாகச் சொல்கிறானா என்று பார்ப்பது என் டெஸ்ட்.

"மேஸ்திரிக்கு மேல ஒரு மேஸ்திரி" என்றார். "உனக்கு ஏத்த வேலைதான்."

கேலிதான். ஆனால் சரியாகப் புரிந்துகொண்டார்.

அப்புறம் இதை எழுதி வைக்க வேண்டும். நான் உட்கார்ந்து பார்க்கிறபோது தப்பு வருவதே இல்லை. தொழப் போய்விட்டு வந்தால்தான் சிவப்பு வரி. திங்களும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான், இன்று மஃரிபுக்கும் அப்படித்தான். யாராவது தொடுகிறார்களா?

ஜனவரி 31, வெள்ளி

இவர்மேல் சந்தேகம் வந்து கேட்டேவிட்டேன். நான் முஸல்லா விரித்துத் தொழுகிற நேரத்தில் லேப்டாப்பில் ஏதாவது பார்க்கிறீர்களா, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி?

"நான் எப்ப இங்க இருந்தேன், எப்பப் போனேன்னே உனக்குத் தெரியாது. அப்புறம் நான்தான் தொட்டேன்னு எப்படிச் சொல்லுவே?"

"சொல்லிட்டுப் போனா தெரியும்."

"சொன்னா மட்டும்? நீ அந்தப் பத்துப் பேரத்தான் எண்ணிக்கிட்டு இருப்பே."

சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மகள் ரஃபீனா வீட்டில் இருந்தாள். காக்கநாட்டில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஞாயிறு மட்டும்தான் முகம் பார்க்கிறோம். அவள் பிசிஏ படித்தபோது வாங்கிய புத்தகங்களை வைத்துத்தான் நான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன். அவள் பரீட்சை முடிந்ததும் கட்டிப் பரணில் போட்டதை நான் இறக்கினேன். லேப்டாப்பும் அவளுடைய பழையதுதான். இரண்டே கை உள்ள மெஷின் என்பாள், ஒரு நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் ஓடாது.

நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே ஓடி, தப்பு வந்தால் நேரத்தோடு எழுதி வைக்கிற மாதிரி அவளிடம் கேட்டுச் செய்துகொண்டேன். அவள் இரண்டு வரி காட்டினாள், மீதி நான் எழுதினேன். இனி சந்தேகப்பட வேண்டியதில்லை. கணக்கு பேசும்.

இந்த நாட்குறிப்பை எட்டிப் பார்த்து, "உம்மா, என்னைப் பத்தியா எழுதுறீங்க?" என்றாள். அவளுக்கு மலையாளம் ஓடும். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால்தான் இதை மூடி வைப்பதில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

நோன்பு. ஆறாவது.

பிப்ரவரி 5, புதன்

மூன்று நாளில் பதினொரு தப்பு. எழுதி வைக்கிறேன்.

திங்கள்: 12.38, 3.58, 6.31, 7.42.
செவ்வாய்: 5.31, 12.38, 6.31.
புதன்: 12.38, 3.59, 6.32, 7.43.

பத்துக்கு ஒன்பது. எல்லாத் தடவையும் ஒன்றுதான் குறைகிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். கடைசியில் "இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள்" என்று டீபக்கரைக் கேட்டால் பட்டியல் சரியாகவே இருக்கிறது. போன பத்தாவது ஆளும் பட்டியலில் இல்லை. அடித்துவிட்டிருக்கிறது. போனார் என்று சொல்லத்தான் இல்லை.

அதாவது கடைசி இருப்பு சரி, நடுவில் ஒரு வரி காணோம். இந்த மாதிரிக் கணக்கு வீட்டில் வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பிப்ரவரி 6, வியாழன்

சுப்ஹானல்லாஹ். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏழாவது நோன்பு. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நேரம் என்ன என்று பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்தேன். சுவரில் தொங்குகிறதே, தினமும் பார்க்கிறதே, அதுதான். மஃரிப் 6.32. நேற்றைய கட்டம் 6.32. முந்தாநாள் 6.31. திங்கள் 6.31. லுஹர் எல்லா நாளும் 12.38.

பழத்தை வாயில் போட்டேனா கையிலேயே வைத்திருந்தேனா, நினைவில்லை. என் தப்புப் பட்டியலும் தொழுகை நேரப் பட்டியலும் ஒன்று. நிமிஷம் பிசகவில்லை. நாள் ஏற ஏற மஃரிப் தள்ளிப்போகிறது, தப்பும் கூடவே தள்ளிப்போகிறது.

லேப்டாப்பில் ரஃபீனா போட்டுக் கொடுத்த பாங்கு ஆப் இருக்கிறது. மூன்று பள்ளிவாசல் சத்தம் வீட்டுக்குள் கேட்கிற ஊரில் அது எதற்கு என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். அது தொழுகை வக்துக்கு வக்து எழுந்து பாங்கைத் தயார்செய்யும்போது இரண்டு கை மெஷினில் ஒரு கையைப் பிடுங்கிக்கொள்கிறது. டெஸ்ட் திணறுகிறது. அந்தத் திணறலில்தான் ஒன்று தவறுகிறது.

நான் பார்க்கும்போது ஏன் தப்பு வரவில்லை? பாங்கு கேட்டதும் நான் எழுந்து போய்விடுகிறேனே! முஸ்லிம் அல்லாத ஒருத்தி இதே மெஷினில் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கண்ணால் பார்த்திருப்பாள். எனக்கு மட்டும்தான் இது ஒரு மாதம் தெரியாமல் இருக்க முடியும்.

பாவம், இவரைச் சந்தேகப்பட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்ப நான் நிரபராதி. எழுதி வை."

இரவு ரஃபீனா போனில் சொன்னது: "ஆப்பை எடுத்துட்டா முடிஞ்சது உம்மா. ஆயிரம் என்ன, பத்தாயிரம் பாஸ் ஆகும். அனுப்பிடுங்க."

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்றுக் காலை ஆப்பை நிறுத்தினேன். இன்று காலை வரை ஆயிரத்து நானூற்று நாற்பது தடவை. ஒன்றுகூடச் சிவப்பு இல்லை.

சார் கேட்டது ஆயிரம்தான். கையில் இருக்கிறது. வெளியீட்டுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

பிப்ரவரி 10, திங்கள்

மெயில் எழுதி வைத்தேன். "ஆயிரம் தடவை ஓட்டினேன், ஆயிரமும் பாஸ்." பொய் ஒன்றும் இல்லை அதில். ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது.

அனுப்பவில்லை.

ஏன் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் பாஸ் என்றால் டெஸ்ட் சேர்ந்துவிடும். என் பெயர் வரும். டீபக்கர் மட்டும் எங்கேயோ யாருடைய மெஷினிலோ திணறும்போது ஒரு ஆள் போனதைச் சொல்லாமலே இருந்துகொண்டிருக்கும். அதைப் பிடிக்கத்தானே இந்த டெஸ்டை எழுதினேன்?

மறுபக்கம் — ஃபெயில் ஆனதையும் சேர்த்து அனுப்பினால்? ஆடுகிற டெஸ்ட் என்று மூடிவிடுவார்கள். அதோடு இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாத ஆட்களிடம், பாங்கு சொல்கிற நேரத்தில் தப்பு வருகிறது என்று எழுத வேண்டும். சிரிப்பார்களோ? சிரித்தால்கூடப் பரவாயில்லை. வேறு மாதிரி எடுத்துக்கொண்டால்?

பிப்ரவரி 12, புதன்

களா நோட்டை மூடி வைக்கலாம் என்று எடுத்தேன். ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு டிக், பக்கத்தில் தேதி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். ஏழு டிக் இருக்கிறது. தேதி ஆறுதான்.

மூன்றாவது டிக்குக்குத் தேதி இல்லை. செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில். நோற்றேனா? ரஃபீனா காய்ச்சலில் கிடந்த வாரமா? டிக் போட்டால் நோற்றிருப்பேன். இல்லை, நோற்கலாம் என்று நினைத்து விடியுமுன் ஸஹர் சாப்பிட எழுந்தபோதே போட்டுவிட்டேனா? பழைய மொபைல் போட்டோக்கள் வரை தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மொத்தம் சரியாகத்தான் வருகிறது. ஏழுக்கு ஏழு. யாரும் கேட்கப் போவதில்லை — கேட்க வேண்டியவனுக்குக் கணக்கு தெரியும்.

அரைமணி நேரம் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த டிக்கின்மேல் கோடு போட்டு அடித்தேன். இன்னொரு நோன்பு நோற்றுவிடுகிறேன். நோற்றிருந்தால் கூடுதலாக ஒன்று, நஷ்டம் என்ன.

அதற்கப்புறம் அந்த மெயிலையும் அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அனுப்பினேன். இரண்டு பட்டியலும். ஆப் நிறுத்தியபோது 1440க்கு 1440. ஆப் ஓடியபோது மூன்று நாளில் பதினொரு தப்பு, ஒவ்வொன்றுக்கும் நேரம். பக்கத்தில் தொழுகை நேரம். தொழுகைக்கு அழைப்பு விடுக்கிற ஆப் என்று பெயரோடு எழுதினேன். அழைப்பு இந்தப் பிழையை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பியிருக்கிறது என்றும் எழுதினேன். எழுப்புவதற்குத்தானே அது என்று முடித்தேன்.

அந்தக் கடைசி வரியை அனுப்புவதற்கு முன் எடுத்துவிட்டேன்.

இன்று பராஅத் இரவு. நிறைய ஓத வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். உழைப்புக்கு நன்றி. பழைய லேப்டாப்பில் பாட்டுச் சத்தம் ஓடும்போது மட்டும் வருகிற தவறு என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். கடைசிப் பட்டியல் சரியாக இருக்கிறது, ஒரு அறிவிப்பு வரி மட்டுமே விடுபடுகிறது, ஆகவே பாதிப்பில்லை. 28ஆம் தேதி இந்த மனுவை மூடிவிடுகிறோம்.

பாட்டுச் சத்தம் என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தோசை கருகிவிட்டது. ரஃபீனா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். சொன்னாள்தான். நானும் ஆயிரம் பாஸுன்னு அனுப்பிட்டு பேசாம இருந்திருக்கலாம்ல? யாருக்கு என்ன? எனக்கு மட்டும் என்ன வந்துச்சு? பத்தாங்கிளாஸ் படிச்சவ, அடுப்படியில உக்காந்து எவனோ செஞ்ச மெஷினுக்குக் கணக்கு எழுதுறா. பாதிப்பில்லையாம். போறவன் போனான்னு சொல்லாம போனா பாதிப்பில்லையாம்.

இவர் தட்டில் இருந்த கருகலை ஒன்றும் சொல்லாமல் தின்றார். அதுவும் கோபமாகத்தான் வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடுத்த வீட்டு வசந்தி காலையில் வந்து படியில் உட்கார்ந்தாள். இந்நேரம் இடக்கொச்சி பஸ்ஸில் இருக்க வேண்டியவள். அங்கே இறால் உரிக்கிற ஷெட்டில் நாலு வருஷமாக வேலை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பேச்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நடந்தது இது. சனிக்கிழமை ஐஸ் அறைக் கதவை யாரோ சாத்தாமல் போய்விட்டார்கள். திங்கள் காலையில் ஒரு லோடு இறால் நாற்றம். கடைசியில் போனவள்தான் கதவைச் சாத்த வேண்டும், அது அங்கே சட்டம். கடைசியில் போனது வசந்தி என்று சூப்பர்வைசர் சொல்கிறார். இவள் இல்லை என்கிறாள். வாசலில் நோட்டு உண்டே, வந்த நேரம் போன நேரம் எழுதுவார்களே என்றேன்.

எழுதுவார்களாம். ஒவ்வொருத்தியாகப் போனால் எழுதுவார்களாம். ஆனால் பள்ளுருத்திக்குப் போகிற வேன் ஹாரன் அடித்துவிட்டால் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். டிரைவர் வேறு நோட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்த அம்மா மிச்சமிருக்கிற பேர் மேல் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்துவிட்டு ஓடிவிடுவாளாம்.

"எல்லாரும் போயாச்சுன்னு நோட்டு சொல்லுது, அக்கா. அதுல தப்பே இல்ல. யாரு கடைசியாப் போனான்னு சொல்லலியே. அதச் சொல்லியிருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், என்ன அக்கா, என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் புட்டும் கடலையும் வைத்துக் கொடுத்தேன். அவள் கஷ்டத்தைச் சொல்ல வந்தாள். எனக்கு உள்ளே ஒரு கதவு திறந்துகொண்டது. வெட்கமாகவும் இருந்தது.

என் டெஸ்ட் நடுவில் சொல்கிற நில் என்கிற கட்டளை வந்த அதே நொடியில் ஒரு த்ரெட் முடிந்தால் — டீபக்கர் நிறுத்துகிற அவசரத்தில் இருக்கிறது. பட்டியலில் கோடு இழுக்கிறது. சொல்வதை விட்டுவிடுகிறது. பாங்கு ஆப் செய்ததெல்லாம், த்ரெட்டைத் தாமதமாக்கி, அந்த ஹாரன் நேரத்தில் கொண்டுபோய் விட்டதுதான்.

அப்படியானால் பாங்கு வேண்டாம், பழைய லேப்டாப்பும் வேண்டாம். ஹாரனை நானே அடிக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

நோன்பு. அடித்த டிக்குக்குப் பதிலாக. தேதி போட்டேன்.

டெஸ்டைத் திருப்பி எழுதினேன். பத்து ஆட்களும் ஒரே நேரத்தில் கிளம்புகிற மாதிரி ஒரு கோட்டில் நிறுத்தி, விடுகிற அதே கணத்தில் டீபக்கரிடம் நில் என்று சொல்கிற மாதிரி. காலையில் ஓட்டியபோது ஒன்றும் சரியாக வரவில்லை. லுஹருக்குப் பிறகு ஒரு இடத்தில் வரிசை மாறிக் கிடந்தது தெரிந்தது. மாற்றினேன்.

ஆப் நிறுத்தியே இருக்கிறது. நூறு தடவை ஓட்டினேன். முப்பத்தெட்டு சிவப்பு.

இத்தனை சிவப்பைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒருத்தி இந்த மட்டாஞ்சேரியில் இருப்பாளா?

பிப்ரவரி 21, வெள்ளி

அனுப்பினேன். இந்தத் தடவை என் லேப்டாப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள் என்றேன், கீழே என் போன் நம்பரும் போட்டேன். கூடவே வசந்தியின் ஷெட்டைப் பற்றி நாலு வரி, அவள் பெயரைச் சொல்லாமல். பட்டியல் சரியாக இருந்தும் ஒருத்தி வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள், யார் கடைசியில் போனார்கள் என்று நோட்டு சொல்லாததால். ப்ரோக்ராம் கெட்டுப்போனதும் டீபக்கரைத் திறக்கிறவர்கள் தேடுவதும் அதைத்தானே, எது எப்போது போனது என்று?

அந்த நாலு வரிக்கு ஆங்கிலம் கிடைக்க இரண்டு மணி நேரம். ரஃபீனாவிடம் காட்டவில்லை.

இனி ஏழு நாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பதில் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன். தெரியாத நம்பர். கையைத் துடைத்து எடுத்தால் ஒரு ஆண் குரல், தமிழில்.

"ஜுமைலா... அவங்ககிட்ட பேசணுங்க. நான் லக்ஷ்மிநாராயணன்."

நான்தான் என்றேன். இத்தனை நாளும் ஏதோ காலேஜ் பையன் என்று நினைத்திருந்தாராம். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டேன், போனில்தான் பேசுகிறேன் என்பது மறந்துபோய்.

"நூத்துக்கு நாப்பத்திமூணு தடவைங்க, என் மெஷின்ல. போன வருஷம் வாங்குனது, பதினாறு கை இருக்கு. அதுலயும் ஒண்ணு காணாமப் போகுதுங்க."

நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். பிறகு சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். தப்பு டீபக்கரின் அடிமட்டத்தில் இருக்கிறது. நிறுத்துகிற வேலையும் போனதைச் சொல்கிற வேலையும் ஒரே இடத்தில் முட்டுகின்றன. பழைய தப்பு, வருஷக்கணக்காக இருந்திருக்கும். அதைத் தொடாமல் டெஸ்டை மட்டும் சேர்த்தால் எல்லாருக்கும் சிவப்புதான் வரும். 28க்குள் முடியாது. ஆனால் மனுவை மூடப் போவதில்லை, தன் பெயரில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"எல்லாரும் பாஸ் ஆனதத்தாங்க அனுப்புவாங்க. ஃபெயில் ஆனதுக்கு நேரம் போட்டு அனுப்புனது நீங்கதான். நான் அத ஒழுங்காப் பாக்கலைங்க. பாட்டுன்னு வேற எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பரவாயில்லை சார் என்றேன். வேறு என்ன சொல்ல. வைக்கும்போது, அந்த ஷெட்டில் வேலை பார்க்கிற அம்மா என்ன ஆனாங்க என்று கேட்டார். இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

வசந்தி நேற்று ஷெட்டுக்குப் போய் நேராக அந்த நோட்டுக்காரம்மாவிடமே பேசியிருக்கிறாள். சனிக்கிழமை கோடு இழுத்தபோது தான் வேன் பக்கத்தில் நின்றதும், வசந்தி வேனுக்குள் ஜன்னல் ஓரத்தில் இருந்ததும் அந்த அம்மாவுக்கு நினைவு வந்திருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்ல முதலில் பயந்தாளாம். சொல்லிவிட்டாள். வசந்தி இன்று ஐந்தரை பஸ்ஸுக்கே போய்விட்டாள். கதவைச் சாத்தாமல் போனது யார் என்று மட்டும் இன்னும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

வெளியீடு வந்தது. இதில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். என் பெயர் இல்லை. தெரிந்துதான் பார்த்தேன்.

மார்ச் 1, சனி

பிறை தெரிந்தது. நாளை நோன்பு. களா நோட்டில் புதுப் பக்கம், மேலே வருஷம் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

பாங்கு ஆப்பைத் திரும்பப் போட்டேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஸஹர் முடிந்து சுபுஹு தொழுதுவிட்டு மெயில் பார்த்தேன். திருத்தம் சேர்ந்துவிட்டது. திருத்தியவர் லக்ஷ்மிநாராயணன். கீழே, பிழையைக் கண்டு டெஸ்ட் எழுதியவர் ஜுமைலா சலாவுதீன். அடுத்த வெளியீட்டில் வரும். ஆறு மாதம் ஆகலாம்.

வெளியீட்டுக்குக் காத்திராமல், திருத்தம் சேர்ந்த டீபக்கரை இறக்கி, பழைய டெஸ்டையே முதலில் போட்டேன். அதற்கு நான் ஒரு கடன் பட்டிருந்தேன். 12.37க்கு, லுஹர் பாங்குக்கு, லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தேன். பாங்கு சொல்லி முடிகிற வரை எழுந்திருக்கவில்லை, பாங்குக்குப் பதில் மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வந்தது. ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கி எண்ணினேன். பத்தும் போனது. பத்தும் சொல்லிக்கொண்டு போனது. அப்புறம்தான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனேன்.

இன்று புது டெஸ்டும் நூற்றுக்கு நூறு. ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அஸருக்குப் பிறகு கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இவர் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார் போல. செருப்புச் சத்தம் வாசல் வரை போய் நின்றது. திரும்பி அடுப்படிக் கதவு வரை வந்தது.

"நான் இறங்குறேன்" என்றார். தலையை மட்டும் உள்ளே நீட்டி. "எழுதிக்கோ."

தேங்காய்க் கையோடு கடிகாரத்தைப் பார்த்தேன். 5.10.